ஏட்டில் நிற்கும் வெற்றி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் ஈஜிபுராவுக்குச் சிறிது தொலைவில் தொம்மலூர் இருக்கிறது. அங்குள்ள சொக்கநாதசுவாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுக்கள் உள்ளன என்பதை நம்மில் பலர் அறிவோம். கல்வெட்டின் இலக்கணம் யாது? எந்த அரசனின் ஆட்சி ஆண்டு, கொடை கொடுத்தவர் யார், கொடுத்தது எவ்வளவு, அதன் எல்லை எது, சான்றாக நின்றவர் யார் என்பனவற்றை அது ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லும். கொடுத்தவரும் போயினர்; கண்டவரும் போயினர்; எழுத்து மட்டும் நிற்கிறது. மற்றொரு பக்கம் பேகூர் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் போரில் மாண்ட ஒருவனுக்கு அங்கே கன்னட எழுத்தில் ஒரு கல் நட்டனர். இந்நகரின் பெயரை நாம் முதன்முதலாகக் காண்பது அக்கல்லில்தான். ஒரு வீரனை மறவாதிருக்க முயன்றவர்கள் ஒரு நகரத்தின் பெயரையே காத்துத் தந்துவிட்டனர்!

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், பாரா தடகளத்தில் தேசியச் சாதனைகள் எவ்வாறு ஏற்கப்படுகின்றன, எவ்வாறு காக்கப்படுகின்றன என்பது. மாற்றுத்திறனாளர் ஓடியும் தாண்டியும் எறிந்தும் பெறும் வெற்றிகளைப் பற்றிய பேச்சு இது. இது விளையாட்டு அலுவலர்க்கு மட்டுமே உரியது என்று ஒதுக்கிவிட வேண்டா. 1997-இல் தேசிய விளையாட்டு விழாவுக்கு வந்த வீரர்கள் தங்குவதற்கென எழுப்பிய குடியிருப்பு நம் பக்கத்துக் கோரமங்கலாவில்தான் நிற்கிறது. நாம் நாள்தோறும் அதைக் கடந்து செல்கிறோம். நம் குடும்பங்களிலும் கால் தளர்ந்த பிள்ளையோ, பார்வை குறைந்த பிள்ளையோ இருத்தல் கூடும். அப்பிள்ளை ஒருநாள் களத்தில் இறங்கினால், அதன் உழைப்பு காற்றோடு போகாமல் காப்பது எப்படி என்பதே நம் முன் நிற்கும் வினா.

சாதனை என்னும் சொல்லை நாம் எல்லா வெற்றிக்கும் வழங்குகிறோம். விளையாட்டு ஏட்டில் அச்சொல்லின் பொருள் குறுகியது. குறித்த ஒரு போட்டியில், முறையாக அளந்து, இதுவரை எவரும் எட்டாத அளவை எட்டியதே அங்குச் சாதனை. நாட்டினருள் எவரும் எட்டாதது தேசியச் சாதனை. உலகில் எவரும் எட்டாதது உலகச் சாதனை. பாரா தடகளத்தில் இதனோடு இன்னொரு சொல்லும் சேரும். அதுதான் 'வகை'.

பருத்தி நிறுக்கும் தராசில் பொன்னை நிறுப்பார் உண்டோ? ஒரு கண்ணும் தெரியாதவரையும் ஒரு கையை இழந்தவரையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடச் சொல்லுதல் போட்டியாகாது. ஆகவே உடற்குறையின் தன்மையையும், அது ஓட்டத்தையோ எறிதலையோ எவ்வளவு தடுக்கிறது என்பதையும் ஆராய்ந்து வகை பிரிக்கின்றனர். ஓட்டத்துக்கும் தாண்டுதலுக்கும் 'டி' என்னும் எழுத்து. எறிதலுக்கு 'எப்' என்னும் எழுத்து. அதன் பின் வரும் எண் குறையின் வகையைச் சொல்லும். 11 முதல் 13 வரை பார்வைக் குறை. 20 அறிவு வளர்ச்சிக் குறை. 40, 41 குள்ள உருவம். 42 முதல் 47 வரை கை கால் குறை. ஐம்பதுகளில் வருவன சக்கர நாற்காலியில் ஓடுவோர்க்கும் அமர்ந்து எறிவோர்க்கும் உரியவை. செயற்கைக் கால் அணிவோர்க்கென 61 முதல் 64 வரை உள்ள வகைகள் 2018-இல் வந்தன. ஒவ்வொரு வகைக்கும், ஆடவர்க்கும் மகளிர்க்கும், ஒவ்வொரு போட்டிக்கும் தனித்தனியே ஏட்டில் ஒரு வரி உண்டு.

சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலுவை அறியாதார் நம்மில் இல்லை. ஐந்து வயதில் பேருந்து மோதி வலக்கால் சிதைந்தது. பின்னர் இதே பெங்களூரில் பயிற்சியாளர் சத்தியநாராயணாவிடம் பயின்றார். 2016-இல் ரியோ நகரில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் பெற்றார். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னர், இலண்டனில், நம் கருநாடகத்து ஹாசன் மாவட்டத்தைச் சேர்ந்த கிரீஷா அதே உயரம் தாண்டுதலில் 1.74 மீட்டருக்கு வெள்ளி பெற்றிருந்தார். அவ்வாண்டு பாராலிம்பிக்கில் இந்தியாவுக்குக் கிடைத்த ஒரே பதக்கம் அது. நான்கே ஆண்டில் பதினைந்து செண்டிமீட்டர்! இரண்டு எண்களும் ஏட்டில் இருந்தமையால் அன்றோ இவ்வளர்ச்சியை நாம் இன்று எண்ணிப் பார்க்க முடிகிறது?

வகையை மறந்து எண்ணை மட்டும் பார்த்தால் குழப்பமே மிஞ்சும். 1980-இல் ஆர்னெம் நகரில் கனடா நாட்டு ஆர்னால்டு போல்ட் ஒற்றைக் காலால் 1.96 மீட்டர் தாண்டினார். 2024-இல் பாரிசில் அமெரிக்க இளைஞர் எஸ்ரா பிரெக் 1.94 மீட்டர் தாண்டியபோது அது பாராலிம்பிக் சாதனை என்று அறிவிக்கப்பட்டது. முன்னது பெரிதாயிருக்கப் பின்னது சாதனையாவது எங்ஙனம்? பிரெக் செயற்கைக் கால் அணிந்து தாண்டியவர். அவருடைய வகை 63. போல்ட் செயற்கைக் காலின்றித் தாண்டியவர். வகை வேறு, ஆகவே வரியும் வேறு.

வகை பிழைத்தால் வெற்றியே கரைந்துவிடும். 2021-இல் டோக்கியோவில் வட்டு எறிதலில் இந்திய வீரர் ஒருவர் 19.91 மீட்டர் எறிந்து மூன்றாம் இடம் பெற்றார். ஊரே கொண்டாடியது. மறுநாள் அவர் அவ்வகைக்கு உரியவர் அல்லர் என்று முடிவாயிற்று. வட்டு விழுந்த இடம் மாறவில்லை; ஆனால் அளவு ஏட்டினின்றும் நீங்கியது. எனவே வகை தெளிதல் முதற்படி. அதற்கெனப் பயின்ற மருத்துவரும் விளையாட்டு வல்லுநரும் வீரரை நேரில் ஆராய்ந்து முடிவு செய்வர். வீட்டிலிருக்கும் மருத்துவச் சான்று மட்டும் அதற்குப் போதாது.

இரண்டாம் படி, போட்டி ஏற்கப்பட்ட போட்டியாக இருத்தல். இதற்கு ஓர் அரிய எடுத்துக்காட்டு உண்டு. 2021 மார்ச்சு 5-ஆம் நாள் பட்டியாலாவில் ஒரு தடகளப் போட்டி நடந்தது. நீரஜ் சோப்ரா அங்கு ஈட்டியை 88.07 மீட்டர் எறிந்து தேசியச் சாதனை படைத்தார். அதே களத்தில், அதே போட்டியில், முழங்காலுக்குக் கீழே இடக்காலை இழந்த சுமித் அந்தில் 66.43 மீட்டர் எறிந்து ஏழாவதாக வந்தார். அவருடைய வகையில் அன்றிருந்த உலகச் சாதனை, 2019-இல் துபாயில் அவரே எறிந்த 62.88 மீட்டர். அதைவிட மூன்றரை மீட்டர் கூடுதலாக எறிந்துவிட்டார். ஆயினும் அந்த எறிதல் பாரா தடகளத்தின் உலக ஏட்டில் ஏறவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு 30-ஆம் நாள் டோக்கியோ களத்தில் அவர் இறங்கியபோது உலகச் சாதனையாக நின்ற எண் 62.88-தான். சுமித் மனம் தளர்ந்தாரா? இல்லை. 66.95, 68.08, 68.55 என்று ஒரே மாலையில் மும்முறை அதைக் கடந்தார். பின்னர் 2023-இல் ஆங்சோவில் 73.29 வரை சென்றார். திறமை அவரிடம் முன்பே இருந்தது. அதை ஏற்கும் களமும் ஏடும் பின்னரே கிடைத்தன.

மூன்றாம் படி, அளவு. இங்கே ஏடு சிறிதும் இரக்கம் காட்டாது. நூறு மீட்டர், இருநூறு மீட்டர் ஓட்டங்களிலும் நீளம் தாண்டுதலிலும் பின்னிருந்து வீசும் காற்று நொடிக்கு இரண்டு மீட்டருக்கு மேற்படின், வெற்றி நிற்கும், சாதனை நில்லாது. குறுகிய ஓட்டங்களுக்குக் கையில் பிடித்த கடிகாரம் செல்லாது. தானே இயங்கும் மின்கருவி வேண்டும். ஓட்டத்தின் நேரத்தில் நூற்றில் ஒரு பங்கு நொடிக்கும் குறைந்த மிச்சம் இருந்தால் மேல்நோக்கிக் கூட்டுவர். எறிதலில் ஒரு செண்டிமீட்டர் நிறையாத மிச்சம் இருந்தால் விட்டுவிடுவர். ஐயம் எழுந்தால் அதன் பயன் வீரருக்குப் போவதில்லை. அதனாலேயே ஏட்டின் சொல்லை உலகம் நம்புகிறது.

பாரா தடகளத்துக்கே உரிய அளவைகளும் உண்டு. அமர்ந்து எறிவோரின் இருக்கை, மெத்தையையும் சேர்த்து 75 செண்டிமீட்டர் உயரத்துக்கு மேற்படலாகாது. பார்வையற்ற ஓட்டக்காரர் துணை ஓட்டக்காரரோடு ஒரு கயிற்றால் இணைந்து ஓடுவார். துணைவர் அவரை இழுத்துச் செல்லலாகாது. எல்லைக் கோட்டை அவருக்கு முன்னே கடத்தலும் ஆகாது. வழிகாட்டுவது வேறு, சுமந்து செல்வது வேறு என்பதை இவ்விதி எவ்வளவு அழகாகச் சொல்கிறது! உலகச் சாதனைக்கு ஊக்கமருந்துச் சோதனையும் இன்றியமையாதது.

இவையனைத்தும் முடிந்த பின்னரே எழுத்து வருகிறது. களத்து நடுவர்கள் கையெழுத்திட்ட முடிவுத்தாள், வீரரின் வகை, நாள், இடம், காற்றின் அளவு, கருவி ஆய்வு ஆகியவை ஒருங்கே சென்று சேர வேண்டும். உலகச் சாதனைகளையும் கண்டத்துச் சாதனைகளையும் உலகப் பாரா தடகள அமைப்பு காக்கிறது. நாட்டின் ஏட்டைக் காப்பது நாட்டின் கடமை. நம் நாட்டில் அப்பொறுப்பு 1992-இல் தோன்றிய இந்தியப் பாராலிம்பிக் குழுவினுடையது. காப்போர் தம்முள் பிணங்கினால் கேடு வீரர்க்கே. உட்பூசல் காரணமாக 2015-இல் உலகப் பாராலிம்பிக் குழு இந்தியக் குழுவை இடைநிறுத்தியதும், அத்தடை மறு ஆண்டு நீங்கியதும் நாம் கண்டவையே. அக்குழுவின் தலைமையை 2024-இல் ஏற்றவர் தேவேந்திர ஜாஜாரியா. ஏட்டில் இடம் பெற்ற ஒருவரே ஏட்டைக் காக்கும் இடத்துக்கு வந்தது நல்ல குறியாகும்.

அவர் வரலாறே ஒரு பாடம். ஒரு கையை இழந்த ஜாஜாரியா 2004-இல் ஏதென்சில் ஈட்டியை 62.15 மீட்டர் எறிந்து உலகச் சாதனை படைத்தார். அடுத்த இரு பாராலிம்பிக்கிலும் அவருடைய வகைக்கு ஈட்டி எறிதலே இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள்! அப்போட்டி மீண்டும் வந்த 2016-இல், ரியோவில், 63.97 எறிந்து தம் அளவைத் தாமே கடந்தார். 2021-இல் டோக்கியோவில் இலங்கை வீரர் தினேஷ் பிரியந்த ஹேரத் 67.79 எறிந்து அதனையும் கடந்தார். அன்று ஜாஜாரியாவும் 64.35 எறிந்தார், தம் பழைய அளவை வென்றும் வெள்ளியே பெற்றார். ஒரு சாதனையைக் காப்பது அதைப் பூட்டி வைப்பதற்கன்று. வருபவன் தாண்டவேண்டிய கோல் எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்கே.

காலம் தாழ்ந்தாலும் ஏடு பேசும். 1965-ஆம் ஆண்டுப் போரில் குண்டடிபட்ட படைவீரர் முரளிகாந்த் பேட்கர், 1972-இல் ஹைடல்பர்க் நகரில் 50 மீட்டர் நீச்சலை 37.33 நொடியில் முடித்துத் தங்கம் வென்றார். இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பாராலிம்பிக் தங்கம் அது. அவர் தடகள வீரர் அல்லர். ஆயினும் அவர் கதை நம் பொருளுக்கு உரியது. நாடு அவருக்குப் பத்மஸ்ரீ அளித்தது 2018-இல்; நாற்பத்தாறு ஆண்டுகள் கழித்து! இடைப்பட்ட காலமெல்லாம் அந்த 37.33 என்னும் எண் எங்கோ ஒரு தாளில் காத்திருந்தது. அத்தாள் அழிந்திருந்தால்? நம் பெங்களூரின் மாலதி கிருஷ்ணமூர்த்தி ஹொள்ளா, குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளை வாதத்தால் நடை இழந்து, சக்கர நாற்காலியிலேயே ஓடியும் எறிந்தும் அர்ஜுனா விருதும் 2001-இல் பத்மஸ்ரீயும் பெற்றார். இத்தகையோரின் பெயர் நிற்பது, நாளும் இடமும் அளவும் எழுதி வைத்த யாரோ ஒருவருடைய பொறுமையாலும்தான்.

அன்பர்களே! பெருங்குழுவின் ஏட்டை நாம் எழுத இயலாது. ஆனால் அந்த ஏட்டுக்குச் செல்லும் வழியை நாம் செம்மை செய்ய இயலும். நம் குடியிருப்பில் உடற்குறையுள்ள பிள்ளை ஒன்று பள்ளியில் நன்றாக ஓடுகிறதென்றால், 'பாவம், எவ்வளவு முயல்கிறது' என்று இரங்கி நிறுத்திவிடாதீர்கள். அப்பிள்ளைக்கு அளவு வேண்டும்; வகை வேண்டும்; களம் வேண்டும். மாவட்டப் போட்டிக்கும் மாநிலப் போட்டிக்கும் பெயர் கொடுங்கள். வகை ஆய்வுக்கு அழைத்துச் செல்லுங்கள். போட்டி முடிந்ததும் பரிசுக் கோப்பையை மட்டும் வாங்கி வராமல், முடிவுத்தாளின் படியையும் கேட்டு வாங்குங்கள். வீட்டுப் பத்திரத்தை வைக்கும் பெட்டியிலே அதனையும் வையுங்கள். நாட்டுக் குழுவில் இடமோ, உதவித்தொகையோ, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலையோ கேட்கும் நாளில், கண்ணீர் சான்றாகாது, தாள்தான் சான்றாகும்.

நம் சங்கம் செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. ஆண்டு விழாவையொட்டி நாம் நடத்தும் விளையாட்டுக்களில் மாற்றுத்திறனாளர்க்கும் போட்டி வைப்போம். அவற்றின் முடிவுகளைப் பெயர், நாள், அளவு ஆகியவற்றோடு ஒரு தடித்த குறிப்பேட்டில் ஆண்டுதோறும் எழுதுவோம். அது தேசிய ஏடாகாது என்பதை அறிவோம். ஆயினும் முறையாக அளக்கவும், உள்ளதை உள்ளவாறு எழுதவும் நம் பிள்ளைகள் அதில் பழகுவார்கள். தொம்மலூர்க் கல்லில் எழுதியவர்கள் நமக்காக எழுதினார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. நாம் எழுதுவதை எவர் படிப்பார் என்று நமக்கும் தெரியாது. தெரியாமலே எழுதுவோம், பிழையின்றி எழுதுவோம்.