லீக்ல வராத ஸ்பெக்: கடலுக்குப் போற மிட்-ரேஞ்ச் போன்

இந்த வாரம் போன் பேச்சு. அடுத்த ரவுண்ட் மிட்-ரேஞ்ச் போன்களோட லீக் வர ஆரம்பிச்சாச்சு. கேமரா எத்தனை மெகாபிக்சல், டிஸ்ப்ளே எத்தனை ஹெர்ட்ஸ், சார்ஜர் எத்தனை வாட்ஸ்னு ஒரே அலசல். "உங்க விஷ்லிஸ்ட் என்ன?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. சொல்றேன். ஆனா நான் தூத்துக்குடிக்காரன். என் லிஸ்ட் கொஞ்சம் கடல் பக்கமா சாஞ்சுதான் இருக்கும்.

காரணம் இருக்கு. எங்க ஊர்ல மிட்-ரேஞ்ச் போனுக்கு ரொம்பக் கஷ்டமான வேலை கொடுக்கிறது நம்ம மாதிரி ஐடி ஆளுங்க இல்ல. திரேஸ்புரத்துல இருந்து நாட்டுப்படகுல போறவங்க, சங்கு குளிக்கப் போறவங்க. பெரிய விசைப்படகுல விஎச்எஃப் வயர்லெஸ், தனி ஜிபிஎஸ் எல்லாம் இருக்கும். சின்னப் படகுல பல நேரம் பிளாஸ்டிக் கவர்ல சுத்தி வச்ச போன்தான் எல்லாமே. 200 மெகாபிக்சல் கேமரா 2023லயே ரெட்மி நோட் 12 ப்ரோ ப்ளஸ்ல வந்தாச்சு. அதை வச்சு நடுக்கடல்ல என்ன பண்ண?

அதனால என் லிஸ்ட்ல முதல்ல வர்றது, நாம எங்க இருக்கோம்னு போன் சரியா சொல்லணும்.

முத்துச் சிப்பி கிடக்கிற கடலடித் திட்டுக்கு இங்க "பார்"னு பேரு. இந்தப் பக்கம் கடைசியா பெரிய அளவுல முத்துக்குளிப்பு நடந்தது 1961ல. அந்தக் காலத்துல கரையில தெரியிற ரெண்டு அடையாளத்தை நேர்கோட்டுல வச்சுத்தான் இடத்தைப் பிடிப்பாங்க. கோயில் கோபுரத்துக்குப் பதிலா இன்னைக்கு சாட்டிலைட், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதுல ஒரு தப்பான நம்பிக்கையை முதல்ல உடைச்சிடுவோம். டவர் இல்லன்னா ஜிபிஎஸ் வேலை செய்யாதுன்னு பல பேர் நினைக்கிறாங்க. அப்படி இல்ல. போன்ல இருக்கிற ஜிபிஎஸ் ஒரு ரேடியோ மாதிரி, வர்ற சிக்னலை மட்டும் கேட்கும். நெட் இருந்தா சாட்டிலைட் விவரத்தை அங்கிருந்து சீக்கிரம் எடுத்துக்கும். இல்லன்னா வானத்துல இருந்தே வாங்கும், கொஞ்சம் நேரம் ஆகும். அதனால கரையிலயே லொகேஷன் பிடிச்சு, மேப்பை டவுன்லோட் பண்ணிட்டுக் கிளம்புறது நல்லது.

இங்கதான் ஹார்டுவேர் விஷயம் வருது. பழைய ஜிபிஎஸ் சிப் எல்1ங்கிற ஒரே அலைவரிசையைக் கேட்கும். புதுசு எல்1, எல்5 ரெண்டையும் கேட்கும். அயனி மண்டலம் சிக்னலைத் தாமதப்படுத்தும். ரெண்டு அலைவரிசையை ஒப்பிட்டா அந்தத் தாமதத்தைக் கணக்குப் போட்டுக் கழிச்சிடலாம். நம்ம தென்கோடி காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்துல இருக்கிறதால, இங்க அயனி மண்டலத்தோட ஆட்டம் ஜாஸ்தி. அதை ஆராயத்தான் 1963ல தும்பாவுல இருந்து ராக்கெட் விட்டாங்க. திருநெல்வேலி பக்கம் கிருஷ்ணாபுரத்துல ஒரு ஆய்வு மையமே இருக்கு. அப்போ ரெண்டு அலைவரிசை சிப் எங்க கடல்ல ஆடம்பரம் இல்ல.

அடுத்து நாவிக், நம்ம இஸ்ரோவோட சிஸ்டம். நல்ல செய்தி என்னன்னா, இது காஸ்ட்லி போனோட நிக்கல, ஆரம்பத்துலயே மிட்-ரேஞ்சுக்கும் வந்துடுச்சு! 2020 ஜனவரியில ஸ்னாப்டிராகன் 720ஜி சிப்ல அறிவிச்சாங்க. மார்ச்லயே ரியல்மி 6 ப்ரோ, ரெட்மி நோட் 9 ப்ரோ ரெண்டும் வந்துடுச்சு. ரெட்மியோட ஆரம்ப விலை 12,999 ரூபாய். ஐபோன் 15 ப்ரோவுக்கு நாவிக் வந்தது 2023 செப்டம்பர்ல, 1,34,900 ரூபாய்க்கு. ஒரு எச்சரிக்கை: பழைய நாவிக் சாட்டிலைட்கள் எல்1ல பேசாது. 2023 மே மாசம் போன என்விஎஸ்-01தான் எல்1ஐ ஆரம்பிச்சு வச்சது. அதனால ஸ்பெக் ஷீட்ல "நாவிக்"னு மட்டும் போட்டா நம்பிடாதீங்க, எல்5 இருக்கான்னு பாருங்க. ஜிபிஎஸ்டெஸ்ட்னு ஒரு இலவச ஆப் இருக்கு. எந்த நாட்டு சாட்டிலைட், எந்த அலைவரிசைன்னு கொடி போட்டுக் காட்டும்.

இதெல்லாம் எதுக்குன்னா, மன்னார் வளைகுடாவுல 1976 ஒப்பந்தத்துல போட்ட எல்லைக் கோடு இருக்கு. அது தண்ணி மேல தெரியாது. இன்ஜின் நின்னு படகு இழுபடும்போது, எந்தப் பக்கம் போறோம்னு தெரியிறதுதான் வீட்டுக்குத் திரும்புறதுக்கும் சிறைக்குப் போறதுக்கும் நடுவுல நிக்கிற விஷயம்.

ரெண்டாவது, தண்ணி. ஐபி68, ஐபி69னு இப்போ மிட்-ரேஞ்ச்லயே வருது, சந்தோஷம். ஆனா அந்த டெஸ்ட் எல்லாம் நல்ல தண்ணியில பண்றது. உப்புத் தண்ணி சார்ஜிங் போர்ட்டை அரிச்சிடும். போர்ட் ஈரமா இருக்கும்போது சார்ஜ் போட்டா இன்னும் வேகமா அரிக்கும். நனைஞ்சா நல்ல தண்ணியில அலசி, நல்லா காயவிட்டுத்தான் சார்ஜ் போடணும்.

மூணாவது, பேட்டரி. இதுல லீக் எல்லாம் நம்ம பக்கம்தான். சிலிக்கான்-கார்பன் புண்ணியத்துல 2025லயே ஐக்யூ இசட்10ல 7,300 எம்ஏஎச் வந்துடுச்சு.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். மேல சொன்னது எல்லாம் இருந்தாலும், போனுக்குத் தான் எங்க இருக்கோம்னு தெரியும். அதை வேற யார்கிட்டயும் சொல்ல முடியாது. கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனாலே டவர் போயிடும்.

2017 நவம்பர் 30. ஒக்கி புயல் கன்னியாகுமரி பக்கமா போனப்போ, தங்கல் தொழிலுக்குப் போன படகுகள் ஏற்கெனவே ஆழ்கடல்ல இருந்துச்சு. தமிழ்நாடு, கேரளா மீனவர்கள் நூத்துக்கும் மேல திரும்பி வரல. அதுக்கப்புறம் 2019 அக்டோபர்ல ஜெமினின்னு ஒரு கருவி கொண்டு வந்தாங்க. சாட்டிலைட்ல வர்ற புயல் எச்சரிக்கையை வாங்கி, ப்ளூடூத் வழியா போனுக்குக் கொடுக்கும். உண்மையிலேயே நல்ல வேலை. ஆனா அதுவும் ஒருவழிப் பாதைதான். கரை பேசும், கடல் கேட்கும். "படகு கவிழ்ந்துடுச்சு, இங்க இருக்கோம்"னு திருப்பிச் சொல்ல அதுல வழி இல்ல.

போன்ல இருந்து சாட்டிலைட்டுக்கு மெசேஜ் போறது கற்பனை இல்ல. 2022 நவம்பர்ல ஐபோன் 14 அமெரிக்காவுலயும் கனடாவுலயும் அதை ஆரம்பிச்சது. அதே வருஷம் 3ஜிபிபி ரிலீஸ் 17ல, போனும் சாட்டிலைட்டும் நேரா பேசுறது பொதுத் தரமாவே வந்துடுச்சு. 2024 அக்டோபர்ல டெல்லி மொபைல் காங்கிரஸ்ல பிஎஸ்என்எல்லும் வயாசாட்டும் ஒரு ஆண்ட்ராய்டு போன்ல இருந்து, ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சாட்டிலைட்டுக்கு மெசேஜ் அனுப்பிக் காட்டினாங்க. போனோட டிரான்ஸ்மிட்டர் பவர் சுமார் 0.2 வாட்தான். வீடியோ போகாது. ஆனா பெயர், இடம், "உதவி" — இவ்வளவு போகும். உயிரைக் காப்பாத்த அது போதும்.

அப்போ நம்ம நாட்டுல மீதி இருக்கிறது அனுமதி, கட்டணம், அப்புறம் அந்த மோடம் எந்த விலை போன்ல வரும்ங்கிற முடிவு. பாதுகாப்புக் காரணத்துக்காக சாட்டிலைட் போனுக்கு இங்க லைசென்ஸ் வேணும். அந்தக் கவலை புரியுது. ஆனா அவசர மெசேஜை மட்டும், கடலோரக் காவல்படைக்கு மட்டும் போற மாதிரி திறந்து விடலாமே?

எங்க மாவட்டத்துல குலசேகரப்பட்டினத்துல ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28ல அடிக்கல் நாட்டியாச்சு. சாட்டிலைட்டே மேல போகப்போற அந்தக் கரையில இருந்து கிளம்புற படகுக்காரர், ஒரு வரி மெசேஜை மேல அனுப்ப முடியணும்னு கேட்கிறது பேராசை இல்ல.

அதனால அடுத்த லீக் வந்தா, கமெண்ட்ல மெகாபிக்சலோட சேர்த்து ரெண்டு கேள்வி போடுங்க: எல்5 இருக்கா? சாட்டிலைட் எஸ்ஓஎஸ் மோடம் இருக்கா? நாவிக் நம்ம விலைக்கும் சீக்கிரமா வந்த மாதிரி இதுவும் வரட்டும். உங்க லிஸ்ட்டையும் வாய்ஸ் நோட்ல அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.