மோட்டார்ப் புகையும் மனித சுகமும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்துருவம்)



சமயச் சொற்பொழிவு கேட்க வந்திருக்கும் சபையிலே இரசாயனம் பேச எழுந்து நிற்கின்றேன். இதற்குச் செயலாளர் அண்ணாவே பொறுப்பு. "பல்கலைக்கழகத்திலே படிக்கின்றாய், படித்ததில் பயனுள்ளது ஒன்றைச் சொல்லு" என்றார். மிஷன் பள்ளிக்கூடத்திலே படித்தவன் ஆதலால், திருமுறைகளில் எனக்குள்ள பரிச்சயம் முன்வரிசையில் இருக்கும் இச்சிறுவர்களுடையதிலும் குறைவு. ஆகவே தெரிந்ததைப் பேசுவோம் என்று புகையை எடுத்துக்கொண்டேன்.

வரும்போது மண்டபத்தின் வெளியே நிற்கும் வண்டிகளை எண்ணிப் பார்த்தேன். மோட்டார்ச் சைக்கிள்கள் நாற்பதுக்கு மேல், ஓட்டோக்கள் ஆறு, வான்கள் மூன்று. துவிச்சக்கர வண்டிகள் ஐந்தே ஐந்து. அவற்றில் ஒன்று என்னுடையது. என்னிடம் மோட்டார்ச் சைக்கிள் இல்லாமையே அதற்குக் காரணம். ஆதலால் என்னை உத்தமன் என்று ஒருவரும் எண்ணவேண்டாம்.

பெற்றோலும் டீசலும் காபனும் ஐதரசனும் சேர்ந்த பொருள்கள். அவை முற்றாக எரியுமானால் காபனீரொட்சைட்டும் நீராவியும் மாத்திரமே வெளிவரும். ஆனால் எஞ்சினுக்குள்ளே ஒவ்வொரு முறையும் எரிவதற்குக் கிடைக்கும் நேரம் ஒரு விநாடியில் மிகச் சிறு பங்கு. அந்த அவசரத்தில் ஒரு பகுதி அரைகுறையாக எரிந்து காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு ஆகின்றது. ஒரு பகுதி எரியாமலே வெளியேறுகின்றது. ஒரு பகுதி கரித்தூள் ஆகின்றது. இவற்றோடு, காற்றிலே ஒருவருக்கும் தீங்கின்றி இருந்த நைதரசன் அந்த வெப்பத்தில் ஒட்சிசனோடு கூடி வேறொரு நஞ்சாகின்றது.

காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. நமது இரத்தத்திலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைப் பற்றுவதிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இந்த வாயுவைப் பற்றிக்கொள்ளும். பூட்டிய அறைக்குள் எஞ்சினை ஓடவிட்டவர் முதலில் தலையிடி என்பார், பின்பு நித்திரை வருகின்றது என்பார், அதன்பின் ஒன்றும் சொல்லார்.

வண்டிப் புகையின் குணத்தை உலகம் முதலிலே கண்டது அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்திலாம். 1943ஆம் ஆண்டு கோடையில் அந்நகரத்தைப் பழுப்பு மூட்டம் ஒன்று மூடியது. கண் எரிந்தது, தொண்டை எரிந்தது. யுத்த காலமாதலால் பகைவரின் நச்சுவாயுவோ என்று அஞ்சியவர்களும் உண்டு. அன்னாசிப் பழத்தின் மணம் எதனால் உண்டாகின்றது என்று ஆராய்ந்துகொண்டிருந்த ஹாகன்ஸ்மித் என்ற விஞ்ஞானி, பின்னர் இந்த மூட்டத்தை ஆராய்ந்தார். மோட்டார் வண்டிகளின் புகை சூரிய வெளிச்சத்திலே வெந்து ஓசோன் என்னும் வாயுவை உண்டாக்குகின்றது என்று காட்டினார். வானத்தின் உயரத்திலே நமக்குக் குடையாக இருக்கும் ஓசோன், மூக்கின் உயரத்திலே நுரையீரலுக்குப் பகை. 1952இல் இலண்டனிலே ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற மூட்டம் பெரும்பாலும் நிலக்கரிப் புகையால் வந்தது. இரண்டையும் ஒன்றாக்கிச் சொல்வோர் உண்டு. அவை வேறு வேறு.

இனி நான் நின்று பேச விரும்பும் விடயத்துக்கு வருகின்றேன். அது ஈயம்.

என் மாமா ஒருவர் 1980களிலே கொழும்பில் ஒரு கராஜில் வேலை செய்தவர். வேலை முடிந்தால் கையிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கைப் பெற்றோலிலே கழுவுவாராம். ஒரு தாங்கியிலிருந்து இன்னொன்றுக்குப் பெற்றோல் மாற்றவேண்டுமானால் றப்பர்க் குழாயை வாயிலே வைத்து உறிஞ்சுவார். "எத்தனை முறை வாய்க்குள்ளே போயிருக்கும் தம்பி, துப்பிவிட்டு வேலையைப் பார்ப்போம்" என்று சிரித்துக்கொண்டு சொல்வார். அந்தப் பெற்றோலிலே ஈயம் இருந்தது. அவருக்கு ஒருவரும் அதைச் சொல்லவில்லை.

பெற்றோலுக்குள் ஈயம் புகுந்த வரலாறு இது. பழைய எஞ்சின்களிலே பெற்றோல் நேரகாலமின்றி வெடித்து, உள்ளே சுத்தியலால் தட்டுவதுபோலச் சத்தம் எழுந்தது. 1921ஆம் ஆண்டு டிசெம்பரில், ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனியின் ஆய்வுகூடத்திலே தோமஸ் மிட்ஜ்லி என்பவர், ரெற்றா எதைல் ஈயம் என்ற சேர்வையைச் சிறிதளவு கலந்தால் அந்தத் தட்டல் அடங்கும் என்று கண்டார். மதுசாரம் கலந்தாலும் அடங்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் மதுசாரம் எவரும் வடிக்கக்கூடியது. அதிலே உரிமை கொண்டாட முடியாது. 1923 பெப்ரவரியில் ஈயப் பெற்றோல் விற்பனைக்கு வந்தது. அதற்கு "எதைல்" என்று பெயரிட்டார்கள். ஈயம் என்ற சொல் பெயரிலே இல்லை. ஈயம் நஞ்சு என்பது உரோமர் காலத்திலிருந்தே அறிந்த சங்கதி. அறிந்தபடியாற்றான் அந்தச் சொல்லை விட்டார்கள் என்பது என் எண்ணம்.

1924 ஒக்டோபரில் நியூ ஜேர்சியில் அந்தச் சேர்வையைத் தயாரித்த தொழிற்சாலை ஒன்றிலே தொழிலாளர்கள் சித்தப்பிரமை கொண்டார்கள், ஐவர் மாண்டனர். இன்னொரு தொழிற்சாலையிலே, இல்லாத பூச்சிகளைக் கையால் விரட்டும் தொழிலாளர்களைக் கண்டு, அந்தக் கட்டடத்துக்கு "வண்ணத்துப்பூச்சி வீடு" என்றே பெயர் வந்துவிட்டது. பத்திரிகைகள் கூக்குரலிட்டன. அப்பொழுது மிட்ஜ்லி நிருபர்களை அழைத்து, அவர்கள் முன்னிலையிலே அந்தத் திரவத்தை ஊற்றித் தம் கைகளைக் கழுவினார். போத்தலை மூக்கருகே பிடித்து முகர்ந்தும் காட்டினார். அதற்கு முந்திய ஆண்டிலேதான் அவர் ஈய நஞ்சினாற் சுகவீனமுற்று ஓய்வுக்குச் சென்று வந்தவர். இதை வாசித்த அன்று எனக்கு மாமாவின் கைகளே நினைவுக்கு வந்தன. மாமா அறியாமற் கழுவினார். மிட்ஜ்லி அறிந்து கழுவினார்.

1925இலே அமெரிக்க அரசாங்கம் ஒரு மகாநாடு கூட்டியது. ஈயத்தூள் சிறிது சிறிதாகப் படிந்து, ஒருவரும் அறியாமலே பரவிவிடும் என்று யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்டர்சன் எச்சரித்தார். ஹார்வார்ட் பல்கலைக்கழகத்து வைத்தியர் அலிஸ் ஹமில்ற்றன் அம்மையாரும் எதிர்த்தார். ஆனால் விற்பனை தொடர்ந்தது. அவ்வாறு ஒரு நாளல்ல, ஒரு வருடமல்ல, அரை நூற்றாண்டு தொடர்ந்தது.

இதை உடைத்தவர்களில் ஒருவர் கிளெயர் பற்றர்சன். பூமியின் வயது ஏறக்குறைய 455 கோடி ஆண்டுகள் என்று 1956இலே கணித்தவர் இவர்தான். விண்கல்லிலுள்ள ஈயத்தை அளந்தே அதைக் கணித்தார். அளக்கும்போது எங்கிருந்தோ வேறு ஈயம் வந்து கணக்கைக் குழப்பியது. தரையிலே ஈயம், உடுப்பிலே ஈயம், காற்றிலே ஈயம். ஆய்வுகூடத்தைத் துடைத்துத் துடைத்துக் களைத்தவர், இத்தனை ஈயம் உலகுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தொடங்கினார். கிறீன்லாந்தின் பழைய பனிக்கட்டியைத் தோண்டி எடுத்து, மேலே வரவர ஈயம் கூடுவதைக் கண்டார். அதை எழுதி வெளியிட்டார். எண்ணெய்க் கம்பனிகளிடமிருந்து அவருக்கு வந்த பணம் நின்றது. அவர் நிற்கவில்லை.

1979இலே நீடில்மன் என்ற வைத்தியர், சிறுபிள்ளைகளின் விழுந்த பாற்பற்களைச் சேகரித்து அவற்றிலுள்ள ஈயத்தை அளந்தார். பார்வைக்கு யாதொரு நோயுமற்ற பிள்ளைகளிடையே, பல்லிலே ஈயம் கூடியவர்கள் புத்திப் பரீட்சையிலும் வகுப்பிலே கவனஞ் செலுத்துவதிலும் பின்தங்கியிருந்தனர். ஈயம் கல்சியத்தைப் போல வேடம் பூண்டு எலும்பிலே குடியேறும். வளரும் மூளையிலே புகுந்து நரம்புகளின் வேலையைக் கெடுக்கும். பெரியவர்களைவிடப் பிள்ளைகளின் உடல் அதைக் கூடுதலாக உறிஞ்சும்.

அமெரிக்காவிலே 1975ஆம் ஆண்டின் பின் வந்த கார்களுக்குப் புகையைச் சுத்திசெய்யும் ஊக்கிக் கருவி பூட்டப்பட்டது. ஈயம் பட்டால் அக்கருவி செத்துவிடும். ஆகவே, பிள்ளைகளின் மூளைக்காக மாத்திரமன்றி, அந்தக் கருவிக்காகவுமே முதலில் ஈயமில்லாப் பெற்றோல் வந்தது! எப்படியோ வந்தது. 1970களின் பிற்பகுதியில் ஒரு டெசிலீற்றர் இரத்தத்திலே சராசரி 12.8 மைக்கிரோகிராமாக இருந்த ஈயம், 1991 அளவிலே 2.8 ஆகக் குறைந்தது. மருந்தில்லை, ஊசியில்லை, போட்டதை நிறுத்தியதன் பலன் அது.

இலங்கையிலே ஈயப் பெற்றோல் 2002ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டது. உலகத்திலே கடைசியாக அல்ஜீரியா 2021இலே நிறுத்தியது. நான் 2003இலே பிறந்தவன். என் அண்ணா 1996இலே கொழும்பிலே, பெரிய வீதியோரத்து வாடகை வீட்டிலே பிறந்தவர். அவர் படிப்பிலே என்னைவிடக் கெட்டிக்காரர். ஆதலால் எங்களிருவரையும் வைத்து ஒரு தத்துவமும் நிறுவ முடியாது. மாமாவின் கைநடுக்கம் ஈயத்தால் வந்தது என்றும் நான் சொல்ல இயலாது. அவருடைய இரத்தத்தை அக்காலத்தில் ஒருவரும் சோதிக்கவில்லை. அறியவே முடியாமற் போனது என்பதுதான் எனக்கு மிகுந்த வருத்தம்.

யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்கக்கூடும். 1990களிலே பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலையே காணாத எமக்கு ஈயம் எங்கே என்று. உண்மை. கார்களும் மோட்டார்ச் சைக்கிள்களும் அன்று மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலிலே பொன்போல வைத்திருந்த பெற்றோலில் சில துளியைக் காபரேற்றரிலே விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, பின்பு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள் என்று அப்பா சொல்லியிருக்கின்றார். மண்ணெண்ணெயிலே ஈயம் கலப்பதில்லை. ஆனால் பெற்றோலுக்கென்று செய்த எஞ்சினிலே அது சரிவர எரியாது; வெள்ளைப் புகையும் கரியும் கண்ணெரிச்சலுமாக வெளியே வரும். ஒரு நஞ்சிலிருந்து தப்பி இன்னொன்றைச் சுவாசித்தோம்.

அந்த இன்னொன்றுதான் இன்றைய கதை. ஒரு மில்லிமீற்றரை நானூறு கூறிட்டால் வரும் ஒரு கூறு, தலைமயிரின் தடிப்பிலே ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. அந்த அளவுக்கும் சிறிய தூள்கள் மூக்கிலே தங்குவதில்லை, தொண்டையிலே தங்குவதில்லை. நுரையீரலின் அடிவரை சென்று, மிகச் சிறியவை இரத்தத்திலும் கலக்கின்றன. இருமலும் இழுப்பும் மாத்திரமல்ல, மாரடைப்பும் பக்கவாதமும் இவற்றால் வருகின்றன. டீசற் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இலே தீர்மானித்தது. இலண்டனிலே பெருவீதியொன்றின் அருகே வசித்த ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி 2013இலே இழுப்பு நோயால் இறந்தாள். அவளது மரணத்துக்குக் காற்றின் மாசும் ஒரு காரணம் என்று 2020 டிசெம்பரிலே மரணவிசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். அவளின் தாயார் ஏழு ஆண்டுகள் விடாது நின்று பெற்ற தீர்ப்பு அது.

நமது நாட்டிலும் ஒன்றும் நடக்கவில்லை என்பது நியாயமன்று. நீலப்புகை கக்கிய இரண்டடிப்பு ஓட்டோக்களின் இறக்குமதி 2008இலே நிறுத்தப்பட்டது. அவ்வாண்டிலேயே வாகனப் புகைப் பரிசோதனையும் தொடங்கியது. ஆனால் பரிசோதனை எப்படி நடக்கின்றது? எங்கள் வீட்டுக் கதையையே சொல்கின்றேன். எங்கள் பழைய டீசல் வான் பரிசோதனையிலே தவறியது. கராஜ் ஒன்றிலே பம்பைக் குறைத்துவிட்டார்கள், மறுநாள் சித்தியடைந்தது. அத்தாட்சிப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு அதே கராஜுக்குப் போய், இழுவை போதாது என்று பம்பை மீண்டும் கூட்டிவிட்டோம். அந்தக் கராஜின் பெயர் சொல்லமாட்டேன்; சொன்னால் எங்கள் பெயரையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அந்த வானின் பின்னாலே துவிச்சக்கர வண்டியில் போனவன் நான். அந்தக் கரியை அப்பாவின் வானிலிருந்தே குடித்தேன்.

2022இலே எரிபொருள் இல்லாமற் போன மாதங்கள் உங்களுக்கு மறந்திருக்காது. அவை துன்பமான நாட்கள்; அவற்றைப் புகழ நான் வரவில்லை. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியின்றித் தவித்த வீடு எங்கள் ஒழுங்கையிலும் உண்டு. ஆனால் காலையிலே ரியூசனுக்கு மிதித்துப் போகும்போது வேப்பம்பூ மணம் வீதியிலே வந்தது. அந்த மணம் அங்கே எப்போதும் இருந்திருக்கின்றது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதே ஆண்டு டிசெம்பர் 9ஆம் திகதி, காற்று மாசடைந்ததென்று நாடெங்கும் பாடசாலைகளை மூடினார்கள். அந்த மாசின் பெரும்பகுதி கடல் கடந்து காற்றோடு வந்தது. நாம் மாத்திரம் திருந்தினாற் போதாது என்பதற்கு இது நல்ல சாட்சி. நாம் திருந்த வேண்டியதில்லை என்பதற்கு அல்ல.

தலைவர் அவர்கள் மணிக்கூட்டைப் பார்க்கின்றார்கள். ஒரு வேண்டுகோளோடு அமர்கின்றேன். வருகின்ற தேர்த் திருவிழாவிலே தொண்டர் வேலை நமது சங்கத்துடையது. சென்ற வருடம் தண்ணீர்ப் பந்தலின் அருகே வான்கள் குளிரூட்டிக்காக எஞ்சினை நிறுத்தாமலே மணிக்கணக்காக நின்றன. பந்தலிலே மோர் வாங்க நின்ற பிள்ளைகளின் முகத்தின் உயரமும் அந்தப் புகைக்குழாய்களின் உயரமும் ஏறக்குறைய ஒன்று. இம்முறை வண்டிகளை மேற்கு வீதிக்கு அப்பாலுள்ள வெறுங்காணியிலே நிறுத்தவும், எஞ்சினை அணைக்கச் சொல்ல இரண்டு தொண்டர்களை அங்கே நியமிக்கவும் செயற்குழு இணங்கவேண்டும். அந்த இருவரில் ஒருவனாக நான் நிற்கச் சித்தமாயிருக்கின்றேன். மற்றவராக மாமா வருவதாகச் சொல்லியிருக்கின்றார்.