வீக்கமும் பனிக்கட்டியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இசையும் நாடகமும் நிறைந்த இவ்விழாவில் சுளுக்கையும் வீக்கத்தையும் பற்றிப் பேச வந்துள்ளோம். சிறிய பொருள் என்று எண்ணிவிட வேண்டா. சென்ற குளிர்காலத்தில் நம் குடியிருப்பில் நிகழ்ந்ததே நம்மைப் பேசத் தூண்டியது.

பந்து விளையாடிய சிறுவன் ஒருவன் மாடிப்படியில் இடறி விழுந்தான். கணுக்கால் சற்று நேரத்தில் வீங்கிற்று. ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு அண்டை வீட்டாரே உற்றார்; ஆதலின் அனைவரும் ஓடினோம். ஒருவர் உப்பை வறுத்து ஒத்தடம் கொடுத்தார். ஒருவர் எண்ணெய் தடவி நீவினார். மற்றொருவர் சுளுக்கு எடுப்பதாகக் காலைப் பிடித்து இழுத்தார். பனிக்கட்டி வைக்கலாமே என்று ஓர் இளைஞர் சொன்னபோது, "இந்தக் குளிரிலா?" என்று நகைத்தோம். மூன்றாம் நாள் எக்ஸ்ரே எடுத்தபோது எலும்பு முறிந்திருந்தது தெரிந்தது. நம்முடைய அன்பே அப்பிள்ளையின் வேதனையைப் பெருக்கிவிட்டது.

அடிபட்ட இடத்தில் நுண்ணிய குருதிக் குழாய்கள் கிழிகின்றன. குருதியும் நீரும் கசிந்து தேங்குவதே வீக்கம். வெப்பம் குழாய்களை விரிக்கும், கசிவு மிகும். நீவுதல் கிழிந்த தசைநாரை மேலும் வருத்தும். குளிர்ச்சியோ குழாய்களைச் சுருக்கும். நரம்புகள் வலியை எடுத்துச் செல்லும் விரைவையும் குறைக்கும். நாட்பட்ட பிடிப்புக்கும் முதுகு விறைப்புக்கும் நம் பாட்டிமார் வைத்த வெந்நீர் ஒத்தடம் நன்றே. புதிதாய் அடிபட்ட முதல் இரண்டு மூன்று நாள்களில் அது ஆகாது.

குளிர்ச்சியால் வீக்கம் தணிப்பதைப் பழங்காலக் கிரேக்க மருத்துவம் அறிந்திருந்தது. நம் நாட்டிலோ பனிக்கட்டி நெடுங்காலம் அரும்பொருள். 1833-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து கப்பலேறிக் கல்கத்தாவுக்கு அது வந்தது. அவ்வாறு வந்த பனிக்கட்டியைச் சேமிக்கச் சென்னைக் கடற்கரையில் எழுந்ததே ஐஸ் ஹவுஸ். இன்று அது விவேகானந்தர் இல்லம். அன்று கடல் கடந்து வந்த பொருள் இன்று நம் அடுக்களையிலேயே இருக்கின்றது. பயன்படுத்தும் முறையைத்தான் அறிய வேண்டும்.

பனிக்கட்டியைத் தோலின்மேல் நேரே வைத்தலாகாது. தோல் வெந்தது போலப் புண்ணாகும். துண்டில் சுற்றிப் பத்து நிமிடம், மிஞ்சினால் இருபது நிமிடம் வைத்து எடுத்துவிட வேண்டும். மீண்டும் தேவையாயின் இரண்டு மூன்று மணி நேரம் சென்றபின் வைக்கலாம். உறையவைத்த பட்டாணிப் பொட்டலம் மூட்டின் வளைவுக்கு ஏற்றபடி படியும். காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்தலும், இறுக்காமல் கட்டுதலும் உடன் வேண்டும். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்களும், குருதி ஓட்டம் குன்றியவர்களும் மருத்துவரைக் கேளாமல் பனிக்கட்டி வைத்தலாகாது. தீப்புண்ணுக்குப் பனிக்கட்டி கூடவே கூடாது. குழாய்நீரை இருபது நிமிடம் ஓடவிடுதலே தக்கது. பாம்புக்கடிக்கும் பனிக்கட்டி ஆகாது. உடனே மருத்துவமனையை அடைய வேண்டும்.

பனிக்கட்டியையும் அளவுக்கு மீறிப் போற்றற்க. ஓய்வு, பனிக்கட்டி, கட்டு, உயர்த்துதல் என்னும் நான்கையும் 1978-இல் ஒரு சூத்திரமாக்கித் தந்தவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். அவரே 2014-இல், வீக்கத்தோடு வரும் அணுக்களே காயத்தை ஆற்றுகின்றன, நெடுநேரக் குளிர்ச்சி அதைத் தாமதிக்கச் செய்யலாம் என்று தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். தாம் சொன்னதைத் தாமே திருத்திய அப்பண்பு நமக்கும் வேண்டும். பனிக்கட்டி வலியைத் தணிக்கும் முதலுதவி. முறிந்த எலும்பை அது கூட்டாது.

ஆகவே ஒன்றை மறவாதிருப்போம். அடிபட்டவர் நான்கு அடி எடுத்து வைக்க இயலாவிட்டாலும், கணுக்கால் எலும்பை அழுத்தினால் வலித்தாலும் எக்ஸ்ரே வேண்டும் என்பது கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-இல் வெளியிட்ட விதியின் சாரம். அச்சிறுவனால் ஓர் அடியும் வைக்க இயலவில்லை, நாம்தான் கவனிக்கவில்லை. அடிபடாமலே ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், இரு கால்களும் நாள்தோறும் வீங்கினாலும் பனிக்கட்டியைத் தேடாது மருத்துவரை நாடுவோம்.

அச்சிறுவன் இன்று நலமுற்று, இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றான். இனி நம் குடியிருப்பில் ஒரு பிள்ளை விழுந்தால், ஓடிவரும் கைகள் குறையாதிருக்கட்டும். அக்கைகளில் ஒன்று பனிக்கட்டியை எடுக்கட்டும். மற்றொன்று வண்டியை அழைக்கட்டும். காலை இழுக்கும் கை மட்டும் வேண்டா.