திருப்பணியும் பழங்கற்களும்

(திருப்பணிக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

 

அடி அண்ணாமலையில் நின்று பேசும் பேறு அடியேனுக்கு வாய்த்தது திருவருளே. பதினான்கு கிலோமீட்டர் மலைவல வழியில் மேற்றிசைக்கு வருவோர் இத்தலத்தைக் காண்பர். பலர் வாயிலில் நின்று கைகுவித்து விரைந்து நடந்துவிடுவர். மணிவாசகப் பெருமான் திருவெம்பாவை அருளியது இவ்விடத்தே என்பது வழிவழியாக வரும் கொள்கை. அவருக்கு அருகே ஒரு சிறு கோயிலும் உண்டு. அதனைக் கண்டவர் உங்களுள் எத்துணைபேர்? கேட்டு உங்களை நாணச் செய்ய வந்தேனல்லேன். பெருங்கோயிலைப் பார்த்த கண் சிறுகோயிலைத் தாண்டிப் போவது இயல்பு.

இம்மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. எருமைகளின் பொருட்டுப் போரிட்டு மடிந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனும், அவனது நாயும் அதில் உள்ளனர். நாயின் பெயர் கோவிவன்; அது கள்வர் இருவரைக் கடித்துத் தலைவனைக் காத்து நின்றது என்று கல் கூறுகிறது. மன்னர் பெயரே மறந்துபோகும் உலகில் ஒரு நாயின் பெயர் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக நிலைத்திருக்கிறது! செங்கம் வட்டாரத்தில் இத்தகைய கற்கள் வயல் வரப்பிலும் புதரிலும் கிடந்தன. தமிழ்நாட்டுத் தொல்பொருள் ஆய்வுத்துறை அவற்றைத் தேடித் தொகுத்துச் ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூலை 1972இல் வெளியிட்டது.

இனி ஒரு துயரம் சொல்வேன். ஆதீனத்தில் பயின்ற நாளில், விடுமுறைக்குச் சென்றவிடத்து ஒரு சிற்றூர்ச் சிவாலயத்தின் அதிட்டானத்தில் நந்தாவிளக்குக் கொடை ஒன்றைப் படித்தேன். பாதி வரிகளே விளங்கின. எஞ்சியதை மறுமுறை வந்து படிக்கலாம் என்று திரும்பினேன். முப்பதாண்டு கழித்துச் சென்றபோது அங்கே சிமெண்டுச் சாந்தும் அதன்மேல் பளபளக்கும் ஓடுகளும் இருந்தன. செய்தவர் அன்பினாற் செய்தனர். ஊரின் பெயரைச் சொல்லுதல் முறையன்று. ஆயின் விளக்கு வைத்தவர் பெயரை நான் எழுதிக் கொள்ளாதது என் பிழையே.

பழையோர் இவ்வாறு செய்திலர். கண்டராதித்த தேவரின் தேவியார் செம்பியன் மாதேவியார், பத்தாம் நூற்றாண்டில் திருக்கோடிகாவல் கோயிலைக் கருங்கல்லாற் புதுப்பித்த காலத்து, பழங்கற்களில் இருந்த சாசனங்களைப் படியெடுத்துப் புதுச் சுவரில் மீண்டும் வெட்டுவித்தார். தமக்கு முன் கொடுத்தோரின் அறம் தம் திருப்பணியால் அழியலாகாது என்னும் அச்சம் அவ்வம்மையாருக்கு இருந்தது. இன்று அப்படியெடுக்கும் வேலைக்குச் சிற்றுளியும் வேண்டா. உங்கள் சட்டைப் பையில் உள்ள கைபேசியே போதும்.

நிழற்படத்தால் என்ன ஆகும் என்பாருக்கு அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தானைச் சொல்வேன். பூசை குன்றிப் பூட்டிக் கிடந்த அக்கோயிலின் சோழர் கால நடராசப் பெருமான் களவாடப்பட்டுக் கடல் கடந்து சென்றார். ஆசுத்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் பெருந்தொகை கொடுத்து வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் முன்னரே எடுத்து வைத்திருந்த படம் அவர் எவ்வூரார் என்பதைக் காட்டிற்று. 2014 செப்டம்பரில் பெருமான் பாரதம் மீண்டார். விருத்தாசலத்து அர்த்தநாரீசுவரர் திருமேனியும் அவ்வாறே மீண்டது. 1955இல் தோன்றிய அந்நிறுவனம் சைவ ஆகமச் சுவடிகளைத் தொகுத்ததோடு, ஊர் ஊராகச் சென்று எடுத்த படங்கள் இலக்கத்திற்கு மேற்பட்டவை. அச்சிற்றூருக்குப் படக்கருவியோடு ஒருவரும் போகாதிருந்தால்?

செய்முறை எளிது. நடுப்பகல் வெயிலில் எழுத்துத் தெரியாது. காலையிலோ மாலையிலோ ஒளி பக்கவாட்டில் வீழ்கையில் எடுக்க வேண்டும். முதலில் சுவர் முழுமையும், பின்னர் ஒரு படத்தின் ஓரம் அடுத்ததிலும் வரும்படி துண்டு துண்டாகவும் எடுக்க. டிரைப் என்னும் ஆங்கிலேயர் 1858இல் தஞ்சைப் பெருங்கோயில் அடித்தளத்துச் சாசனத்தை இருபத்தொரு படங்களாக எடுத்து ஒன்றாக இணைத்தார். அக்காலத்துப் பாரமான கருவியோடு! அருகில் ஓர் அளவுகோல் வைக்க. எண்ணெயும் சுண்ணக்கட்டியும் பூசலாகாது. மணலை விசையோடு வீசிக் கல்லைத் துலக்குவாரை அணுகவும் விடாதீர். அழுக்கோடு எழுத்தும் போய்விடும். ஊர், திசை, நாள் மூன்றையும் எழுதி வைக்க. கருவறைப் பக்கம் கருவி வேண்டா; மற்றை இடங்களிலும் கோயிலாரிடம் சொல்லிவிட்டு எடுப்பதே முறை.

வரும்போது பார்த்தேன். இளைஞர் பலர் அண்ணாந்து மலையையும் கோபுரத்தையும் படமெடுத்தனர்; ஒருவரும் அடித்தளத்தின் பக்கம் குனியவில்லை. கூட்டம் கலைந்தபின் சிலர் என்னோடு வருவீர்களாயின், பொழுது சாய்வதற்குள் திருச்சுற்றை ஒருமுறை பார்த்துவிடலாம். குனிய என் முதுகு இடங்கொடாது. நீங்கள் குனிந்து எழுத்தைச் சொல்லுங்கள். சொல்லை அடியேன் சொல்கிறேன்.

திருச்சிற்றம்பலம்.