முழுக் கூத்தும் மூன்று நிமிடமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டபோது ஒரு நிபந்தனை போட்டார்கள். "எலெக்ட்ரானிக்ஸ் சம்பந்தமா ஏதாவது பேசு. ஆனா சாப்பாட்டுக்கு முன்னாடி யாரும் தூங்கிடக் கூடாது" என்றார்கள். இரண்டும் ஒன்றாக நடப்பது கஷ்டம் என்பது இங்கே ஈ.சி.ஈ. படித்த எல்லோருக்கும் தெரியும். அதனால் பாதி எலெக்ட்ரானிக்ஸ், பாதி கூத்து என்று கலந்து கொண்டுவந்திருக்கிறேன்.

பெரிய நாடகத்தை, படத்தை, கூத்தைச் சுருக்கி, நல்ல நல்ல இடங்களை மட்டும் பொறுக்கி ஒரு தட்டிலோ கேசட்டிலோ போடுகிறார்கள் அல்லவா, அந்தச் சுருக்கப் பதிவுதான் என் விஷயம். அதைக் கேட்டவர்கள் என்ன சொல்கிறார்கள், அதில் நமக்கு என்ன வேலை இருக்கிறது என்பதைச் சொல்லப் போகிறேன்.

நம் ஊரில் இதற்குக் 'கதை வசனம்' என்று பெயர். 1959-ல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 1965-ல் வந்த 'திருவிளையாடல்', 1984-ல் வந்த 'விதி' இவையெல்லாம் வசனமாகவே வீதிக்கு வந்த படங்கள். கல்யாணமா, காதுகுத்தா, மாரியம்மன் பண்டிகையா, மைக் செட்காரர் வேப்பமரத்தில் குழாயைக் கட்டியதும் முதலில் பக்திப் பாட்டு, அடுத்தது கதை வசனம். படம் பார்க்காத பையன்கூட முழு நீதிமன்றக் காட்சியையும் ஒப்பிப்பான்.

வசனம் ஏன் அவ்வளவு தூரம் எடுபட்டது? அந்தக் குழாய்க்குக் கனமான ஒலி வராது, மெல்லிய ஒலியும் சரியாக வராது. நடுவில் உள்ள மனிதக் குரலைத்தான் அது பிடித்துத் தள்ளும். தொலைபேசிக்கு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை இருந்தால் பேச்சு புரிந்துவிடும் என்று நாம் படித்தோமே, அதே கணக்கு. மிருதங்கத்தின் தொப்பியில் விழும் 'தொம்' குழாயில் செத்துப்போகும். சிவாஜியின் குரல் ஏரி தாண்டிக் கேட்கும். அதோடு, அந்தக் காலத்து நடிகர்கள் பலர் நாடக மேடையில் இருந்து வந்தவர்கள். கடைசி வரிசைக்காரனுக்குக் கேட்க வேண்டும் என்று பேசிப் பழகியவர்கள்.

இனி கேட்டவர்களின் அபிப்பிராயத்துக்கு வருகிறேன். நான் வேலைக்குப் போகும் ஓசூர் கம்பெனி பஸ்ஸில் ஒரு நாள் காலை ஷிப்டுக்குப் போகும்போது ஒருவர் செல்போனில் 'திருவிளையாடல்' தருமி காட்சியைச் சத்தமாகப் போட்டுவிட்டார். யாரோ வாட்ஸ்அப்பில் வெட்டி அனுப்பிய துண்டு. உடனே பஸ்ஸில் பட்டிமன்றம் தொடங்கிவிட்டது.

ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் இருக்கும் ஒரு ஃபிட்டர் அண்ணன் சொன்னார்: "இது போதும்பா. படத்துல ருசியான எடமே இதுதான்." பக்கத்தில் இருந்தவர் விடவில்லை. "நாகேஷ் ஒடம்பு வளையறதப் பாக்காம வெறும் பேச்சக் கேட்டா அதுல பாதிதாண்ணே இருக்கு" என்றார். மூன்றாமவர், "எனக்குக் கேக்கறப்பவே மொகம் தெரியுது. படத்த அத்தன வாட்டி பாத்திருக்கேன்" என்றார். நான்காவது ஆள் அப்ரண்டிஸ் பையன், இருபது வயசு, படம் பார்த்ததில்லை. துண்டு முடிந்ததும் கேட்டான்: "அண்ணா, கடைசியில தருமிக்கு அந்தப் பரிசு கெடச்சுதா இல்லியா?"

பஸ்ஸே சிரித்தது. ஆனால் அவன் கேட்டதுதான் சரியான கேள்வி. அந்தத் துண்டு, தருமி சபையில் அவமானப்பட்டுக் கோயிலுக்குத் திரும்பிப் புலம்பும் இடத்தோடு நின்றுவிட்டது. மற்ற மூன்று பேரும் மீதியை மனசுக்குள் நிரப்பிக்கொண்டார்கள். நிரப்பிக்கொள்ள அவனிடம் ஒன்றும் இல்லை. அவனுக்கு அந்த ஆறு நிமிடம்தான் 'திருவிளையாடல்'.

கிடைத்தது தம்பி. பொற்கிழி தருமிக்குத்தான் போய்ச் சேர்ந்தது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் அந்தப் படலத்தின் பெயரே 'தருமிக்குப் பொற்கிழி அளித்த படலம்'. அந்தப் புராணத்தில் 64 படலங்கள். படம் அவற்றில் ஒருசிலதைத்தான் எடுத்துக்கொண்டது. ஆக, படமே ஒரு சுருக்கம். கேசட் அந்தச் சுருக்கத்தின் சுருக்கம். செல்போனில் வந்தது அதற்கும் சுருக்கம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஏ.பி. நாகராஜன் அப்படிப் பொறுக்கி எடுத்திருக்காவிட்டால் தருமியை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்தச் சண்டை நமக்கு மட்டும் உரியதல்ல. இத்தாலியில் 'ஓபரா' என்று ஒன்று உண்டு. ஆரம்பம் முதல் முடிவு வரை பாடியே நடத்தும் நாடகம். நம் கூத்துக்கு ஒரு தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம்தான் பிடிக்கும். 1903-ல் வெர்டி எழுதிய 'எர்னானி' என்ற ஓபராவைப் பதிவு செய்தபோது, ஒரு பக்கம் மட்டும் ஓடும் தட்டுகள் 40 தேவைப்பட்டன. யார் வாங்குவார்கள்? அதனால் நட்சத்திரப் பாடகர் பாடும் ஒரு பாட்டு, ஒரு தட்டு என்பதே வழக்கமாயிற்று. 1948-ல் எல்.பி. தட்டு வந்தபோது ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கிடைத்தது. இரண்டரை மணி நேர ஓபராவில் ஐம்பது நிமிடத்தைத் தேர்ந்தெடுத்து ஒரே தட்டில் போட்டு விற்றார்கள். நம் கதை வசனத் தட்டுக்கும் இதே அளவுதான்.

அங்கேயும் கேட்பவர்கள் இரண்டு கட்சி. வெர்டியின் 'லா திராவியாத்தா' 1853-ல் வெனிஸ் நகரில் அரங்கேறியது. வியோலெத்தா என்ற பெண் காதலனை விட்டுப் பிரிந்து, காசநோயில் சாகிற கதை. இரண்டாம் அங்கத்தில் காதலனின் தந்தை வந்து, என் குடும்ப மானத்துக்காக அவனை விட்டுவிடு என்று அவளிடம் கேட்பார். கேட்க, மறுக்க, கெஞ்ச, சம்மதிக்க என்று நீளமாகப் போகும் இடம் அது. தனியாக முணுமுணுக்கத் தோதான பாட்டு இல்லை என்று அந்த இடத்தைக் குறைத்துப் பாருங்கள். விருந்துப் பாட்டு இருக்கும், சாவுப் பாட்டும் இருக்கும். அவள் ஏன் பிரிந்தாள் என்பது போய்விடும். முழுதும் கேட்டவருக்கு அந்தத் தட்டு ஒரு ஞாபகக் குறிப்பு. கேட்காதவருக்கு அது காரணம் இல்லாமல் ஒரு பெண் செத்துப்போகும் கதை. ஒரே தட்டுக்கு இரண்டு தீர்ப்பு, இரண்டும் நியாயம்.

இப்படிப் பார்க்கும்போது எனக்கு ஒரு கேள்வி முக்கியமாகப் பட்டது. சுருக்கம் நல்லதா கெட்டதா என்பதைவிட, முழுசு எங்கே இருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும்.

'திருவிளையாடல்' முழுப் படம் இருக்கிறது. அப்ரண்டிஸ் தம்பி நினைத்தால் இன்று ராத்திரியே பார்க்கலாம். 'லா திராவியாத்தா'வுக்கு அச்சிட்ட இசைக்குறிப்பு இருக்கிறது. நூறு தட்டு வெட்டினாலும் மூலத்துக்குச் சேதம் இல்லை.

சீர்காழி அருணாசலக் கவிராயரின் 'இராம நாடகக் கீர்த்தனை'யை எடுத்துக்கொள்ளுங்கள். கவிராயரின் காலம் 1711 முதல் 1779 வரை. இராமாயணம் முழுவதையும் பாட்டாலேயே நடத்திய தமிழ் நாடகம் அது. நம்முடைய ஓபரா என்று அதைத்தான் சொல்ல வேண்டும். புத்தகத்தில் பாட்டெல்லாம் இருக்கிறது. ஆனால் கச்சேரியில் இன்று கேட்பது அதில் சில பாட்டுகள்தான். அவற்றின் மெட்டுகளிலும் பல, 20-ஆம் நூற்றாண்டில் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் போன்ற வித்வான்கள் புதிதாக அமைத்தவை. சொல் தங்கியது, பழைய மெட்டு போய்விட்டது.

அடுத்தது எஸ்.ஜி. கிட்டப்பா. 1933-ல் 27 வயதில் காலமானார். கே.பி. சுந்தராம்பாளும் அவரும் மேடை ஏறினால் ஊரே விடிய விடிய உட்கார்ந்திருக்கும். இன்று நமக்குக் கிடைப்பது மூன்று நிமிடத் தட்டுகளில் அவர் பாடிய நாடகப் பாட்டுகள். அவர் நடித்த 'வள்ளித் திருமணம்' ஒரு ராத்திரி முழுக்க எப்படிப் போனது என்று கேட்க வழியே கிடையாது. மூன்று நிமிடமாவது கிடைத்ததே என்று கும்பிடத் தோன்றுகிறது. மீதி எங்கே என்று ஏங்கவும் தோன்றுகிறது.

கடைசியாக நம் வாசலுக்கே வருகிறேன். இந்தக் கல்லூரியைச் சுற்றியிருக்கும் ஊர்களில் பாரதக் கூத்து நடப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து, கடைசி நாள் துரியோதனன் படுகளம். அதன் முழுசு எங்கே இருக்கிறது? படத்தில் இல்லை. கொஞ்சம் அச்சில் உண்டு, கொஞ்சம் நோட்டுப் புத்தகத்தில் உண்டு. பெரும்பகுதி கூத்து வாத்தியாரின் தொண்டைக்குள் இருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் பக்கத்துக் குழு ஒன்றின் 'கர்ண மோட்சம்' இரண்டு மணி நேர சி.டி.யாக வந்தது. வாங்கிக்கொண்டு போய் எங்கள் ஆயாவுக்குப் போட்டுக் காட்டினேன். ஆயா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். கர்ணன் குரல் கணீரென்று இருந்ததில் அவர்களுக்குச் சந்தோஷம். முடிந்ததும் சொன்னார்கள்: "பாட்டு நல்லாத்தான் இருக்குது. கட்டியக்காரன் எங்கடா காணோம்? பொன்னுருவி சண்டய ரெண்டே பாட்டுல முடிச்சுட்டானுங்க. அவ கோவம் தீராம இவன் எப்புடிடா சண்டைக்குக் கெளம்புவான்?" தியேட்டரில் கால் வைத்தே பல வருஷம் ஆன கிழவி. வெனிஸ் நகரத்து ரசிகர் சொல்லக்கூடிய அதே குறையைச் சொன்னார்கள்.

அந்தக் குழுவின் வாத்தியாரையே பிறகு ஒரு திருவிழாவில் பார்த்துக் கேட்டேன். சி.டி.யால் பேர் கிடைத்தது, வெளியூரில் இருந்து ஆள் வந்தது என்று அவர் மறைக்காமல் சொன்னார். அப்புறம் சொன்னார்: "தம்பி, இப்ப வெத்தல பாக்கு வெச்சுக் கூப்புட வர்றவங்களே அந்த ரெண்டு மணி நேரத்தத்தான் கேக்கறாங்க. புதுசா வர்ற பசங்களும் அதுல இருக்கற பாட்டத்தான் படிக்கறானுங்க. அதுல இல்லாத பாட்டு எங்கூடவே போயிடும்."

நண்பர்களே, இவ்வளவு நேரம் நான் சுற்றி வந்தது இந்த இடத்துக்காகத்தான். படத்தைச் சுருக்கினால் படம் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. கூத்தைச் சுருக்கினால், கொஞ்ச நாளில் அந்தச் சுருக்கமே கூத்தாகிவிடுகிறது.

அன்றைக்குக் கிட்டப்பாவை வெட்டியது தட்டு. மூன்று நிமிடத்துக்கு மேல் அதற்கு இடமில்லை. இன்று அந்தச் சாக்கு செல்லாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 44,100 மாதிரி, 16 பிட், இரண்டு சேனல் என்று சி.டி. தரத்திலேயே எடுத்தாலும், எட்டு மணி நேரக் கூத்து ஏறத்தாழ 5 ஜி.பி.தான் வரும். சட்டைப் பையில் இருக்கும் பென் டிரைவில் பாரதக் கூத்தின் பல ராத்திரிகளை வைக்கலாம்.

அதனால் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். வருஷத்துக்கு ஒரு குழு, ஒரு முழு ராத்திரி. இரண்டு நல்ல மைக், ஒரு ரிக்கார்டர், ஈ.சி.ஈ. தம்பி தங்கைகள் நாலு பேர். குழுவின் சம்மதத்தோடு, அவர்களுக்கு உரிய சம்பளத்தோடு, முகவீணை சுருதி சேர்ப்பதில் இருந்து விடியற்காலை மங்களம் வரை, கட்டியக்காரன் உள்ளூர்க்காரரைக் கிண்டல் செய்வதையும் சேர்த்து, நிறுத்தாமல் பதிவு செய்யுங்கள். ஒரு பிரதி கல்லூரி நூலகத்தில் இருக்கட்டும், ஒரு பிரதி அந்த வாத்தியார் கையில் இருக்கட்டும். அதற்கப்புறம் யார் வேண்டுமானாலும் அதில் இருந்து அரை மணி நேரம் வெட்டி எடுங்கள். அதையும் நான் ஆசையாகக் கேட்பேன். வெட்டும்போது ஒன்று மட்டும் செய்யுங்கள். கதை தெரியாத ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, முடிந்ததும் என்ன புரிந்தது என்று கேளுங்கள். கதை தெரிந்தவர்களின் பாராட்டை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

செலவு அதிகமில்லை. முதல் வருஷத்து மைக் என் பொறுப்பு. இந்த முறை மாசி, பங்குனியில் எந்த ஊரில் எந்தக் கூத்து என்று விசாரித்துச் சொல்ல, உள்ளூர்த் தம்பிகள் இரண்டு பேர் சாப்பாட்டு நேரத்தில் என்னை வந்து பார்த்தால் நல்லது.