மலைவழியில் ஓர் அடுப்பு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மிதிவண்டிப் பயணத்தைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் எங்களைப் பணித்தார். இமயத்தின் அழகை எடுத்துரைப்போம் என்று அவர் எதிர்பார்த்திருக்கக் கூடும். அழகைப் பேசப் பலர் உளர். நாங்கள் அடுப்பைப் பற்றிப் பேச விரும்புகிறோம். நம் குடியிருப்பைச் சேர்ந்த இளைஞர் மூவரும் பெண்கள் இருவரும் வரும் கோடையில் மணாலியிலிருந்து லே நகருக்கு மிதிவண்டியில் செல்ல இருக்கின்றனர். இருமுறை அவ்வழியே சென்று வந்தவர்கள் என்பதால், அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் எங்களிடம் வந்தார்கள். "அங்கே சோற்றுக்கு என்ன செய்வார்கள்?" என்பதே அவர்கள் கேட்ட முதற் கேள்வி. வண்டி கவிழ்ந்தால் என்ன செய்வது என்று ஒருவரும் கேட்கவில்லை. தமிழ்க் குடும்பங்கள் அல்லவா!

கேள்வி நகைப்புக்குரியதன்று. அங்கே சோறு எளிதில் வேகாது. மேலே ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைகிறது. ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு பாகை வீதம் நீரின் கொதிநிலையும் தாழ்கிறது. சென்னையில் 100 பாகையில் கொதிக்கும் நீர், 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லேயில் 88 பாகை அளவிலேயே கொதித்துவிடும். சார்ச்சு சமவெளி இன்னும் உயரம். அங்கே 86 பாகை. உலை தளதளவென்று கொதிக்கும். அரிசியோ நடுவில் அரிசியாகவே நிற்கும். துவரம்பருப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டா. தீயைப் பெரிதாக்கினாலும் பயனில்லை. கொதிக்கின்ற நீர் அதற்கு மேல் சூடேறாது, எரிபொருள்தான் தீரும்.

ஆகவே சிறிய பிரஷர் குக்கர் ஒன்று வேண்டும். இதற்கு நல்ல தமிழ்ப் பெயர்கள் இருக்கலாம். அடுக்களையில் வழங்கும் பெயரையே சொல்கிறோம். மூடிய கலத்தினுள் அழுத்தம் ஏறுவதால், சார்ச்சுவிலும் உள்ளே 110 பாகைக்கு மேல் சூடு உண்டாகும். மிதிவண்டியில் செல்வோனுக்கு ஒவ்வொரு கிலோவையும் அவன் கால்களே சுமக்கின்றன. அதனால் குக்கரைப் பலரும் விட்டுச் செல்வர். ஐவர் சேர்ந்து செல்லும்போது ஒன்றைப் பகிர்ந்து சுமப்பது பெரிதன்று. மிச்சமாகும் எரிபொருளே அந்தச் சுமைக்கு ஈடாகும்.

இனி அடுப்பு. நம்முள் மூத்த தாய்மார்கள் அம்மிக்கல்லோடும் பம்ப் ஸ்டவ்வோடும் தில்லிக்கு வந்தவர்கள். 1892இல் சுவீடன் நாட்டு லிண்ட்குவிஸ்ட் உருவாக்கிய பிரைமஸ் அடுப்பின் வழிவந்தது அது. கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்திக் குழாயைச் சூடாக்குவதும், காற்றடிப்பதும், துளை அடைத்தால் பின் போடுவதும் அவர்களுக்குக் கைவந்த கலை. மலைக்குளிரில் இன்றும் நம்பத்தக்கது அத்தகைய அடுப்பே. ஆனால் 2014இல் மண்ணெண்ணெய் இல்லா நகரம் என அறிவிக்கப்பட்ட தில்லியில் அந்த எண்ணெய்க்கு எங்கே போவது? ஆதலின் நம் பிள்ளைகள் கையடக்க எரிவாயு உருளையைக் கொண்டே சமைப்பர். அது எளிது, ஆனால் குளிர் மிகுந்தால் உருளைக்குள் அழுத்தம் குறைந்து சுடர் மெலியும். இரவில் அதைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டால் காலையில் ஒழுங்காக எரியும். காற்றுத் தடுப்பை உருளையைச் சுற்றி நெருக்கி வைக்கலாகாது. சூடு உள்ளே தேங்கி உருளை வெடிக்கும்.

மூன்று வேளையும் சமைக்க வேண்டிய தேவை இல்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை பரத்பூர், சார்ச்சு, பாங் ஆகிய இடங்களில் கூடாரக் கடைகள் இருக்கும். ராஜ்மா சாதமும் தேநீரும் கிடைக்கும். அடுப்பு இன்றியமையாதது இடைவழியில். சார்ச்சுவுக்கும் பாங்குக்கும் இடையே ஏறத்தாழ 80 கிலோமீட்டர். காட்டா வளைவுகள் 21, அவற்றுக்குப் பின் இரண்டு கணவாய்கள். ஒரே நாளில் கடக்க இயலாதார் நடுவே கூடாரம் அடிக்க நேரும். அன்று கைகொடுப்பவை வீட்டிலிருந்து செல்பவையே: வறுத்த ரவை, அவல், பாசிப்பருப்பு, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல். நல்லெண்ணெய் மிதக்கக் காய்ச்சிய புளிக்காய்ச்சல் பயணம் முழுதும் கெடாது. அவலுக்கோ தீயே வேண்டா. எங்கள் குழுவில் நூடுல்ஸ் ஒன்றே போதும் என்றவர்கள், நான்காம் நாள் புளிக்காய்ச்சல் ஜாடியை விட்டு அகலவில்லை.

தாய்மார்களே, இவையெல்லாம் வசதியைப் பற்றியவை. உயிரைப் பற்றியது ஒன்று உண்டு. வெளியே பனிக்காற்று வீசும்போது கூடாரத்தை மூடிக்கொண்டு உள்ளே அடுப்பேற்ற எவர்க்கும் தோன்றும். மூடிய இடத்தில் எரியும் அடுப்பு கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவை உண்டாக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள செம்பொருளை அது உயிர்வளியினும் இருநூறு மடங்குக்கு மேல் உறுதியாகப் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு அயர்வு. மலையுயரத்தால் வரும் நோய்க்கும் இவையே குறிகள்! ஆகவே, "உயரம் ஒத்துக்கொள்ளவில்லை, சற்றுப் படுத்தால் சரியாகும்" என்று அதே கூடாரத்தில் படுத்துவிடுவர். படுத்தவர் எழாமற் போவதும் உண்டு. குளிர் எவ்வளவு கடுமையாயினும் அடுப்பு வெளியிலேயே எரிய வேண்டும். அடுப்பெரிந்த கூடாரத்தில் ஒருவருக்குத் தலை வலித்தால், காரணம் ஆராயாமல் அனைவரும் முதலில் வெளியே வர வேண்டும். பிள்ளைகள் புறப்படுமுன் பெற்றோர் இந்த ஒரு வாக்குறுதியைப் பெற்றுக்கொண்டால் போதும். மற்றவற்றை வழியே கற்பிக்கும்.

எரிவாயு உருளையை இங்கிருந்து எடுத்துச் செல்லவும் கூடாது. இரயிலிலும் விமானத்திலும் அதற்குத் தடை உண்டு. 2023 ஆகஸ்டு 26 அன்று, லக்னோவிலிருந்து புறப்பட்ட சுற்றுலாப் பெட்டி ஒன்று மதுரை நிலையத்தருகே நின்றிருந்தபோது, பயணிகள் விதியை மீறிக் கொண்டுவந்த உருளையால் தீப்பற்றி 9 பேர் மாண்டதை நாம் அறிவோம். மணாலியில் மலையேற்றப் பொருள் விற்கும் கடைகளிலேயே உருளை கிடைக்கும். லேயிலிருந்து விமானத்தில் திரும்புவோர் மீந்ததை அங்கேயே விட்டுவிட வேண்டும்.

அடுப்பை உடன் கொண்டுவந்திருக்கிறோம். உரைக்குப் பின் வெளியே புல்வெளியில் ஏற்றிக் காட்டுவோம். புறப்படவிருக்கும் ஐவரும் முன்வரிசைக்கு வருக. அவர்தம் அன்னையரும் உடன் வருக.