வாசலில் கேட்கும் மூன்று கேள்விகள்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



புதியவர்களைத் திருச்சபை எப்படி வரவேற்க வேண்டும் என்று பேசச் சொன்னார்கள். நான் வைத்தியர், போதகர் அல்ல. ஆகவே பிரசங்கம் வராது, பயப்பட வேண்டாம்.

எங்கள் ஆலயங்களில் புதுமுகம் ஒன்றைக் கண்டால் வாசலிலேயே மூன்று கேள்விகள் வரும். எந்த ஊர்? ஆற்றை பிள்ளை? கலியாணம் முடிச்சாச்சோ? அன்போடுதான் கேட்கிறோம். ஆனால் முதல் இரண்டுக்குள்ளும் சாதி ஒளிந்திருப்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். மூன்றாவதுக்குக் கணவனைப் பிரிந்த பெண் என்ன சொல்வாள்? தன்பாலீர்ப்புள்ள இளைஞன், திருநங்கை என்ன சொல்வார்கள்? பதில் சொல்ல முடியாதவர் அடுத்த ஞாயிறு வரமாட்டார்.

உண்மையில் இவர்களிற் பலர் புதியவர்களே அல்லர். அதே ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்று, ஞாயிறு பாடசாலையில் வசனம் ஒப்புவித்து, பாடகர் குழுவில் பாடியவர்கள். எங்களோடு விடுதியில் இருந்தவர்களும் உண்டு. இன்று லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ ஊருக்கு வந்தாலும் ஆலயப் பக்கம் வராமலே திரும்பிவிடுகிறார்கள்.

பிள்ளையைக் கூட்டிவந்து, "இதை மாற்ற மருந்து இருக்கோ டொக்டர்?" என்று கேட்கும் பெற்றோரைக் காண்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. நோயில்லாததற்கு மருந்து ஏது? அந்தப் பிள்ளைக்கு இருப்பது நித்திரையின்மையும் பயமும், சிலவேளை தற்கொலை எண்ணமும். அதற்கு வைத்தியம் செய்யலாம். ஆனால் ஞாயிறுதோறும் பிரசங்கத்தில் தன்னையே பழிக்கக் கேட்கிற பிள்ளைக்கு என் குளிசை எவ்வளவு உதவும்?

சட்டமும் துணையாக இல்லை. ஆங்கிலேயர் 1883இல் கொண்டுவந்த தண்டனைச் சட்டக்கோவை இன்னும் இருக்கிறது. ஆண்களை மட்டும் குறித்த 365ஏ பிரிவு, 1995இல் திருத்தப்பட்டபோது பெண்களையும் சேர்த்துக்கொண்டது. இதை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொல்லியும் அந்தப் பிரிவு நீங்கவில்லை.

அதே 1995 ஒக்டோபரில்தான் வலிகாமம் இரவோடிரவாகத் தென்மராட்சிக்கு நடந்தது. ஆலயங்களும் பாடசாலைகளும் திறந்தன. சில கிணற்றடிகளில் சாதி பார்த்ததை மறைக்க வேண்டியதில்லை. என்றாலும் மண்டபத்தில் பாய் விரித்தபோது எவரிடமும் அத்தாட்சி கேட்கவில்லை. வரவேற்கத் தெரியாத சனம் அல்ல நாங்கள்.

கலியாணத்தைப் பற்றித் திருச்சபைகளுக்குள் விவாதம் நடக்கிறது. பிரித்தானிய மெதடிஸ்த திருச்சபை 2021இல் ஒருபாலினத் திருமணத்துக்கு இடமளித்தது. எங்கள் திருச்சபைகள் அந்த இடத்துக்கு வரவில்லை. அது முடியும்வரைக்கும் ஒரு மனிதரை வாசலில் நிறுத்தி வைப்பதா? அப்போஸ்தலர் நடபடிகள் எட்டாம் அதிகாரத்தில் வரும் எத்தியோப்பிய அதிகாரி ஓர் அண்ணகர். பழைய நியாயப்பிரமாணத்தின்படி சபைக்குள் வர முடியாதவர். தனக்கு ஞானஸ்நானம் பெற என்ன தடை என்று அவர் கேட்க, பிலிப்பு தடைகளைப் பட்டியலிடாமல் அவரோடு தண்ணீருக்குள் இறங்கினான்.

நூற்றாண்டு நன்றி ஆராதனைக்குப் பலர் தூர தேசங்களிலிருந்து வருவார்கள். சிலர் தங்கள் துணையோடும் வரக்கூடும். அன்று வாசலில் நிற்கப் போகும் அக்காமாரே, பாட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, இருக்க ஒரு வாங்கைக் காட்டுங்கள். மற்றக் கேள்விகள் தேநீர் நேரத்தில், அவர்களாகக் கதை தொடங்கினால் மட்டும்.